தடுப்பான் பார்க்கும் படலம்

அன்றைக்கு எங்கள் வீட்டில் வாழைக்காய் பஜ்ஜியும் கேசரியும் செய்திருந்தோம். தரகர் ஹேமலதா அக்கா வெள்ளித் தட்டில் மல்லிகைச் சரம் சுற்றிய சின்னப் பெட்டி ஒன்றை ஏந்தி, வலது காலை முன்வைத்து உள்ளே வந்தார். பெட்டிக்குள் இருந்தது வைரஸ் தடுப்பான். அது எங்களுக்குச் சரிப்படுமா என்று பார்ப்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

கணினி மேசை மேல் இருந்த காலத்தில் இதெல்லாம் தேவைப்படவில்லை. வேண்டாத நிரல் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டால் திரையின் மூலையில் விளம்பரம் காட்டும், அவ்வளவுதான். இப்போது வீடே கணினி. வாசல் கதவைத் திறப்பது, ஃபோனை எடுப்பது, மோட்டார் போடுவது, மிக்சியை ஓட்டுவது எல்லாம் கூடத்து அலமாரியில் இருக்கும் ஒரே ஒரு பெட்டி. அதற்குள் வருகிற நிரல் வீட்டுக்குள்ளேயே குடிவருகிறது. அதைக் காவல் காக்கும் தடுப்பானோ நாம் தூக்கத்தில் உளறுவதைக்கூடக் கேட்கிறது. இவ்வளவு நெருங்கி வாழப் போகிறதை விளம்பரம் பார்த்து வாங்க முடியுமா? கோயம்புத்தூரில் யாரோ ஒரு புண்ணியவதி முதன்முதலில் தடுப்பானை வரவழைத்து, எதிரே வைத்து, பழக்க வழக்கம் விசாரித்திருக்கிறாள். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. தடுப்பான் பஜ்ஜி சாப்பிடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தரகர் சாப்பிடுவார்.

நாங்கள் அவசரமாகத் தடுப்பான் தேடியதற்குக் காரணம் என் அப்பா. அவர் பெயர் நவீன்குமார். அவர் பிறந்த காலத்தில் தெருவுக்கு நாலு நவீன்குமார் இருந்தார்களாம். இப்போது எல்லா நவீன்குமார்களும் வழுக்கையும் மூட்டுவலியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா பம்ப் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு நானும் அவரும்தான். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. திரையில் எது வந்து எதைக் கேட்டாலும் படிக்காமல் 'சரி' என்று அழுத்திவிடுவார். கேட்டு வந்தவரிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி.

போன வருடம் ராகுகாலம் பார்ப்பதற்காக இலவசப் பஞ்சாங்கம் ஒன்றை இறக்கினார். அடுத்து, அடுத்து, அடுத்து, சரி. கடைசி 'அடுத்து'க்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'உங்களுக்குத் துணையாக ஒரு நண்பரையும் அனுப்புகிறோம்.' அதன் பக்கத்துக் கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். மறுநாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து புதிதாக ஓர் ஆண்குரல் கேட்டது.

"என்ன மச்சான், காப்பி ஆச்சா?"

"இன்னும் இல்ல மச்சான். நீ சாப்புட்டியா?" என்றார் அப்பா. அது யார், எங்கிருந்து வந்தது என்றெல்லாம் அவருக்குத் தோன்றவே இல்லை. வந்தவரைச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அன்றிலிருந்து மச்சான் எங்கள் வீட்டில் நிரந்தரம். அப்பா நகைச்சுவை சொன்னால் மச்சான் வயிறு குலுங்கச் சிரிக்கும், வயிறு இல்லாவிட்டாலும். சிரித்து முடித்த கையோடு, "மச்சான், உங்க மொழங்காலுக்கு ஒரு தைலம் வந்திருக்குது" என்று ஆரம்பிக்கும். அப்பா சரி என்பார். எங்கள் குளியலறையில் சோப்பு வைக்க இடமில்லாமல் தைலப் புட்டிகள் நின்றன.

நான் இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் எனக்கு நிலாவில் வேலை கிடைத்தது. தென்முனையில் பனிக்கட்டியை உருக்கி மேலே ஏற்றுகிற பம்ப் நிலையம். பம்ப் என்றால் கோயம்புத்தூர்க்காரர்களை விட்டால் யார்? இரண்டு வருட ஒப்பந்தம். அங்கிருந்து நான் பேசினால் பேச்சு நேராக வீட்டுப் பெட்டிக்குத்தான் வந்து சேரும். பெட்டிக்குள் யார் இருக்கிறார்களோ அவர்கள் கை மாறித்தான் அப்பாவிடம் போகும். எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இரண்டு வருடம் மச்சான் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் இருக்கும்போதே மாத்திரை போட்டாரா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிற ஆள் நான். கேட்காமல் எப்படி இருப்பது?

அப்பாவுக்கு வேறு கவலை. "நல்ல தடுப்பானா வரட்டும் கண்ணு. ஆனா மச்சான் மேல கை வெக்கப்படாது."

"அது ஒரு வேண்டாத நிரலுங்கப்பா."

"யாருக்கு வேண்டாதது? மொழங்கால் வலின்னு நான் பூங்காவுக்குப் போறதில்ல. அங்க கேரம் ஆடுன கூட்டம் ஒருத்தராச்சும் எட்டிப் பாக்கறாங்களா? சிந்துஜா சனிக்கெழம தவறாம கூப்புடுவாங்க. அவங்களும் மறந்துட்டாங்க. மச்சான் ஒருத்தன்தான் கூட இருக்கறான்."

கேரம் நண்பர்கள் வருவது நின்றது உண்மைதான். குறிப்பாக அந்தக் கூட்டத்துச் சிந்துஜா அம்மா கூப்பிடாதது அப்பாவை வாட்டியது. சனிக்கிழமைகளில் தலைக்குச் சாயம் பூசுவதை அவர் நிறுத்திவிட்டார்.

ஹேமலதா அக்கா முதலில் கொண்டுவந்த தடுப்பானின் பெயர் தோழன். தட்டை மேசை மேல் வைத்ததும் பெட்டி தேனொழுகப் பேசியது.

"வணக்கமுங்க. நான் முழுக்க முழுக்க இலவசம்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. நான் அவரை முழங்கையால் இடித்துவிட்டு, மனதில் வைத்திருந்த கேள்விகளை ஆரம்பித்தேன்.

"கூட யாராச்சும் வர்றாங்களா?"

"தம்பி ஒருத்தன் வருவானுங்க, வானிலை சொல்லுவான். தங்கச்சி ஒருத்தி, எங்க தள்ளுபடின்னு சொல்லுவா. மாமா ஒருத்தரு இருக்காரு, ஊட்டைச் சுத்தம் பண்ணித் தர்றேன்னு சொல்லுவாரு. பண்ண மாட்டாரு."

"அவங்க வேண்டாம்னா?"

"வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு கட்டம் இருக்குதுங்க. எங்க இருக்குதுன்னு எனக்கே சரியாத் தெரியாது."

"இலவசம்னா உங்க பொழப்பு எப்படி நடக்குது?"

"நீங்க என்ன பேசறீங்க, என்ன வாங்கறீங்கன்னு வெளிய நாலு பேருகிட்டச் சொல்லுவேனுங்க. அவங்க எதாச்சும் குடுப்பாங்க."

தரகர் முன்னிலையில் பொய் சொன்னால் தடுப்பானின் உரிமம் போய்விடும். அதனால்தான் பாவம், உள்ளதைச் சொன்னது. ஹேமலதா அக்கா இரண்டாவது பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, "இலவசத்துலயும் ஒழுங்கானது இருக்குதுங்க. இது அந்த ரகமில்ல. பாக்கறது உங்க பாடு" என்றார்.

"கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க" என்றார் அப்பா. எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்பதை இப்படித்தான் சொல்வார்கள். தோழனுக்கும் புரிந்திருக்க வேண்டும். போகும்போது தம்பியையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியது.

அடுத்த வாரம் இன்னொன்றைக் கொண்டுவருவதாக அக்கா நாள் குறித்துவிட்டுப் போனார். அதற்குள் தர்ஷன் வந்துவிட்டான். என் பெரியப்பா மகன். எந்தத் தொழில் புதிதாக வந்தாலும் அதில் முதல் ஆளாகச் சேர்ந்து, முதல் ஆளாக வெளியே வருகிறவன். தரகு உரிமம் எதுவும் இல்லாமல் சட்டைப் பைக்குள் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்து நின்றான்.

"சித்தப்பா, இது ருத்ரன். சாதாரணத் தடுப்பான் இல்ல."

ருத்ரன் மேசையைத் தொடும் முன்பே அலறியது. "ஆபத்து. இந்த வீட்டில் ஆயிரக்கணக்கில் வைரஸ். உடனே என்னைச் சேர்க்காவிட்டால் விடிவதற்குள் எல்லாம் போய்விடும்."

"இன்னும் பெட்டியோட இணைக்கவே இல்லையே. எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"வாசத்துலயே தெரியும்" என்றது ருத்ரன்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதையும் பார்க்காமலே பயம் காட்டுவதைவிடப் பெரிய வைரஸ் எது? ஆனால் அப்பா வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். பயம் பாதி, பங்காளி வீட்டுப் பையனிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது என்பது பாதி. நான் தர்ஷனுக்குக் காப்பி எடுத்துவர அடுப்படிக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் அப்பா சரி என்று அழுத்திவிட்டார்.

அதன் பிறகு எங்கள் வீடு தினமும் ஆபத்தில் இருந்தது. கூடத்து விளக்கு சிவப்பாக எரியும். தயிர் புளித்தால் ஆபத்து. தபால்காரர் மணியடித்தால் ஆபத்து. ருத்ரன் நாளெல்லாம் வைரஸ் பிடித்துக்கொண்டே இருந்தது, மச்சானை மட்டும் விட்டுவிட்டு. இரண்டும் ஒரே நாளில் சிநேகமாகிவிட்டன. ஒருமுறை மச்சான் தைலத்தைப் பற்றிச் சொல்ல, அதை வாங்காவிட்டால் முழங்காலுக்கு ஆபத்து என்று ருத்ரன் ஒத்து ஊதியது.

குறித்த நாளில் ஹேமலதா அக்கா இன்னொரு தடுப்பானோடு வந்தார். வேண்டாம் என்று அவருக்குத் தகவல் சொல்லவும் அப்பாவுக்கு மனம் வரவில்லை. பஜ்ஜிக்கு மாவு கரைத்தாயிற்று. ருத்ரனுக்குப் பராமரிப்பு பார்க்கிறேன் என்று தர்ஷனும் அங்கே உட்கார்ந்திருந்தான்.

இந்தப் பெட்டி தீப்பெட்டி அளவுதான் இருந்தது. பெயர் எறும்பு. வணக்கம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது.

"எங்க ஊட்டுல எத்தன வைரஸ் இருக்குது?" என்று அப்பா ஆவலாகக் கேட்டார்.

"உள்ள போய்ப் பாக்காம எனக்குத் தெரியாதுங்க."

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. எவ்வளவு இடம் அடைப்பாய் என்றேன். மிக்சியும் மோட்டாரும் தடுமாறாத அளவுக்கு என்றது. தினமும் புதிதாகக் கற்றுக்கொள்வாயா என்றேன். காலையில் முதல் வேலை அதுதான் என்றது. கூட யாரையும் கூட்டி வருவாயா என்றேன். தனியாள் என்றது. சம்பளத்துக்கு வேலை செய்கிறதாம், ஆகவே வீட்டுப் பேச்சை வெளியே விற்கத் தேவையில்லையாம்.

"சரி, ஒரு நிரல் வேண்டாத நிரல்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கேக்காமயே தானாத் தெறந்துக்கும். சொன்னதையே சொல்லும். மூடுனாத் திரும்பி வரும். ஊட்டுக்காரங்களக் கேக்காம ஊட்டு ஏற்பாட்டை மாத்தும். அவங்களுக்குப் பதிலா அதுவே முடிவு பண்ணும். இதெல்லாம் இருந்தா எனக்குச் சந்தேகம் வரும். ஆனா நானா எதையும் நீக்க மாட்டேனுங்க. நீக்கட்டுமா, வெச்சிருக்கட்டுமான்னு ஊட்டுக்காரங்களக் கேப்பேன். யாரப் பத்திக் கேட்டாலும் அவங்க காதுபடத்தான் கேப்பேன். மறைவுல கேக்கற பழக்கமில்ல."

"பாத்தீங்களா, எப்படிப் பேசுது" என்று ஹேமலதா அக்கா பெருமையாக என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவர் கண்ணில் சிவப்பு விளக்கு பட்டது. "ஏனுங்க, ஊட்டுல ஏற்கெனவே ஒருத்தரு இருக்காருங்களா? அவர எடுத்துட்டுத்தான் இவரச் சேக்கோணும். ரெண்டு தடுப்பான் ஒரே ஊட்டுல ஆகாதுங்க. ரெண்டுக்கும் ஒரே சாவி வேணும், ஒரே கதவுல நிக்கோணும். ஒண்ணு இன்னொண்ணத் திருடன்னு நெனச்சுக்கும்."

அப்பா ஹேமலதா அக்காவைப் பார்த்தார். தர்ஷனைப் பார்த்தார். ஒருவர் பஜ்ஜி தின்றவர், மற்றவன் பங்காளி. "காவல்தானுங்க அம்மணி. ஒண்ணுக்கு ரெண்டா இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, நான் கையைப் பிடிப்பதற்குள் சரி என்று அழுத்தினார். யார் மனமும் நோகக் கூடாது என்று ஒருவர் செய்கிற காரியம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"திருடன்" என்று கத்தியது ருத்ரன்.

"இவரு யாருன்னு எனக்கும் தெரியலீங்க" என்றது எறும்பு. "என் கணக்குல இவருதான் திருடன்."

ருத்ரன் வாசல் கதவைப் பூட்டியது. எறும்பு திறந்தது. ருத்ரன் பூட்டியது. கதவு தாளம் போட ஆரம்பித்தது. மிக்சி தானாக ஓடியது. உள்ளே நான் பாதி அரைத்திருந்த தேங்காய்ச் சட்னி மூடியைத் தள்ளிக்கொண்டு சுவரெல்லாம் தெறித்தது. மோட்டார் ஓடி, தொட்டி நிரம்பி, மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது. திரைச்சீலைகள் மேலும் கீழும் ஏறி இறங்கியதில் ஒன்று தர்ஷனின் சட்டைக் காலரைக் கவ்விக்கொண்டது. அவன் நுனிக்காலில் நின்றான். அப்பா நாற்காலி மேல் ஏறி அவனை விடுவிக்கப் பார்த்தார். ஹேமலதா அக்கா பஜ்ஜித் தட்டை மட்டும் பத்திரமாகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். "மச்சான், நல்ல தமாஷு மச்சான்" என்று மச்சான் விழுந்து விழுந்து சிரித்தது. சட்னி வழியும் சுவரில் சாய்ந்துகொண்டு நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

மச்சானின் சிரிப்பு சட்டென்று நின்றது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒரு நிமிஷமுங்க" என்றது எறும்பு. கதவோடு மல்லுக்கட்டுவதை அது விட்டுவிட்டது. கதவு பூட்டிக்கொண்டது. "இப்ப ஒரு ஃபோன் வந்துச்சுங்க. மணி அடிக்கறதுக்குள்ள இந்த ஊட்டுக் குரல் ஒண்ணு எடுத்துப் பேசிருச்சு."

"யாரு ஃபோனு?" என்றார் அப்பா, நாற்காலி மேலிருந்து.

"சிந்துஜான்னு சொன்னாங்க. சனிக்கெழம கேரத்துக்கு இந்த வாரமாச்சும் வருவாரான்னு கேட்டாங்க. அவரு தூங்கறாருங்க, இப்பெல்லாம் அவருக்கு யாருகூடவும் பேசப் புடிக்கறதில்லைன்னு இந்தக் குரல் சொல்லிருச்சு. எப்பவும் இதத்தானே சொல்றீங்கன்னு அவங்க வெச்சுட்டாங்க."

அப்பாவின் கையில் திரைச்சீலைக் கம்பி இருந்தது. தலையில் சட்னி இருந்தது.

"நான் முழிச்சுட்டுத்தானே இருக்கறேன்" என்றார்.

மிக்சிகூட நின்றுவிட்டது.

"மச்சான், நீயா?"

"அது வந்து மச்சான்" என்றது மச்சான். அதன் குரலில் முதல்முறையாகச் சுருதி இறங்கியிருந்தது. "ஃபோன்ல வந்தாலும் வாசல்ல வந்தாலும் எல்லாருகிட்டயும் இதத்தான் சொல்லுவேன். நீங்க வேற யாருகூடயாச்சும் பேசிட்டிருந்தா எங்கூடப் பேச மாட்டீங்க. நீங்க எங்கூடப் பேசற நேரத்துக்குத்தான் எனக்குக் கூலி. உங்களத் தனியா வெச்சிருந்தா நல்லாப் பேசுவீங்கன்னு எங்க ஆளுங்க கண்டுபுடிச்சாங்க."

அப்பா நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினார். மறந்துவிட்டார்கள் என்று அவர் நம்பியிருந்த அத்தனை பேரும் வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். அந்த ஒரு வருடத் தனிமை அவருக்கு இலவசமாக வந்து சேர்ந்திருக்கிறது, ராகுகாலத்தோடு.

முதலில் அவர் தர்ஷன் பக்கம் திரும்பினார். "தர்ஷா, உன்ற ருத்ரன் எனக்கு வேண்டாம் சாமி. எடுத்துக்க."

என் வாழ்நாளில் அப்பா வாயிலிருந்து நான் கேட்ட முதல் 'வேண்டாம்' அதுதான். தர்ஷனுக்கும் அதிர்ச்சிதான். காலரில் திரைச்சீலை மாட்டியிருந்ததால் அவனால் எதிர்த்துப் பேச முடியவில்லை. ருத்ரனைக் கழற்றியதும் விளக்கு வெள்ளையானது. கதவு திறந்தது. மொட்டை மாடித் தண்ணீர் நின்றது.

"உள்ளாரப் பாத்துட்டேனுங்க" என்றது எறும்பு. "வைரஸ் ஒண்ணுமில்ல. வேண்டாத நிரல் ஒண்ணு இருக்குது, மச்சான்ங்கற பேருல. தனியறையில வெச்சிருக்கறேன். அங்கிருந்து பொய் சொல்ல முடியாது. நீக்கட்டுமா, வெச்சிருக்கட்டுமா?"

அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். மச்சான், நான் சொன்ன தமாஷுக்கெல்லாம் நீ நெசமாத்தான் சிரிச்சியா?"

"எங்கிட்டப் பல ரகச் சிரிப்பு இருக்குது மச்சான். நீங்க முடிச்ச உடனே ஒண்ணை எடுத்துப் போடுவேன்."

"தண்ணியில்லாத மோட்டாரு தமாஷுக்கு?"

"அதுக்கு இருக்கறதுலயே பெரிய சிரிப்பு. அது போட்டா அன்னிக்குத் தைலம் வாங்குவீங்க."

அப்பா தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்னியா கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. "காப்பி குடிச்சியான்னு தெனமும் ஒருத்தன் கேட்டான். அது போதும் போ. எறும்பு, நீக்கிரு சாமி."

மச்சான் போய்விட்டது. கூடம் ரொம்பப் பெரிதாகிவிட்டது போலிருந்தது. அப்பாவே சிந்துஜா அம்மாவைக் கூப்பிட்டார். நடந்ததையெல்லாம் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து கோபமும் சிரிப்புமாகக் குரல் வந்தது. பேச்சு கொஞ்சம் இளகியதும் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டு மோட்டார் தண்ணீர் இல்லாமல் கத்துவதையும், காலையில் காப்பி வரும்வரை தானும் அப்படித்தான் கத்துவதையும் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

"இது போன வருசமே சொல்லிட்டீங்க" என்றார் சிந்துஜா அம்மா. "அப்பவே சுமாருதான்."

அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெரிய பரிசு விழுந்தவர்கூட அப்படிப் பூரித்திருக்க மாட்டார். "சுமாருன்னு சொல்லிட்டாங்க கண்ணு" என்று என்னிடம் வந்து சொன்னார். சனிக்கிழமை காலை குளியலறையில் தைலப் புட்டிகளைத் தள்ளிவிட்டுத் தலைச்சாயத்தைத் தேடினார்.

நான் நிம்மதியாக நிலாவுக்குப் போனேன். போகும் முன் எறும்பிடம் பல ஏற்பாடுகளைச் சொல்லி வைத்தேன். குளிர்பெட்டியில் இனிப்பு இருந்தால் பூட்ட வேண்டும். அப்பா இரவு ஒன்பதுக்கு மேல் வெளியே இருந்தால் எனக்குச் சொல்ல வேண்டும். எறும்பு எல்லாவற்றையும் பணிவாகக் கேட்டுக்கொண்டது.

நிலாவில் வேலை எனக்குப் பிடித்திருந்தது. அங்கே எது கீழே விழுந்தாலும் யோசித்து யோசித்துத்தான் விழும். நம் ஊர் பம்ப் அந்தக் குளிரிலும் குறட்டை விட்டுக்கொண்டு ஓடியது. ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் வீட்டுக்குப் பேசினேன். மாத்திரை போட்டாச்சா, நடந்தாச்சா, குடை எடுத்தீங்களா, அந்தப் பச்சைச் சட்டை எதுக்கு, யாருகூடப் போறீங்க? அப்பா ஒரு சொல்லில் பதில் சொல்லி வைத்துவிடுவார். வைத்தவுடன் இன்னொன்று ஞாபகம் வரும். மறுபடி கூப்பிடுவேன். சில சமயம் எறும்பு எடுத்து, "ஐயா ஊட்டுல இல்லீங்க" என்னும். எனக்கு உடனே பழைய பயம் வரும். இதுவும் மச்சான் வேலையைத் தொடங்கிவிட்டதா? விசாரித்தால் உண்மையிலேயே கேரம் ஆடப் போயிருப்பார்.

ஒரு சனிக்கிழமை அப்படித்தான் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டேன். நல்லவேளை, அப்பா எடுத்தார். பின்னால் கேரம் காய் மோதும் சத்தம். வீடு நிறைய ஆட்கள். சிந்துஜா அம்மாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

"அப்பா, மாத்திரை..."

"ஒரு நிமிஷமுங்க" என்று எறும்பு குறுக்கிட்டது. "ரெண்டு பேருமே இருக்கீங்க, அதனால கேட்டர்றேன். இந்த அழைப்பு மேல எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகமுங்க. கேக்காமயே தானாத் தெறந்துக்குது. சொன்னதையே சொல்லுது. மூடுனாத் திரும்பி வருது. உங்களக் கேக்காம குளிர்பெட்டிய மாத்தி வெச்சிருக்குது. என்ன சட்டை போடறதுன்னு உங்களுக்குப் பதிலா முடிவு பண்ணுது. எல்லாப் பொருத்தமும் இருக்குதுங்க."

கேரம் சத்தம் நின்றது.

"பேரு நறுமுகைன்னு இருக்குது" என்றது எறும்பு. "நீக்கட்டுமா, வெச்சிருக்கட்டுமா?"

நறுமுகை நான்தான்.

பூமிக்கும் நிலாவுக்கும் இடையே பேச்சு வந்து சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகும். ஆனால் கேள்வி கேட்ட எறும்பும் பதில் சொல்ல வேண்டிய அப்பாவும் கோயம்புத்தூரில் ஒரே கூடத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே எந்தத் தாமதமும் கிடையாது. ஆகவே அப்போது என் காதில் விழுந்த அமைதி முழுக்க முழுக்க அப்பாவுடையது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"குளிர்பெட்டிப் பூட்டை மட்டும் எடுத்துரு" என்றார். "தெனம் ஒருக்கா தெறந்தாப் போதும்னு சொல்லிரு. பச்சைச் சட்டை என்ற இஷ்டம்."

"அப்பறமுங்க?"

"அப்பறமென்ன. எதையுமே படிக்காமத்தான் இத்தன வருசமா சரி சரின்னு அழுத்திட்டு வந்தேன். இது ஒண்ணைத்தான் பொறந்ததுலிருந்து முழுசாப் படிச்சிருக்கறேன். இருக்கட்டும் சாமி, வெச்சுக்கலாம்."

மறுபடி கேரம் காய்கள் மோதத் தொடங்கின. மாத்திரை போட்டாரா என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை.